அம்மாளுக்கு எடுத்து வைத்த ரவை

அத்தியாயம் பதினான்கு

தக்ஷாயினி ரீச்சருக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எதைக் கண்டாலும் புள்ளி போடுவாள். மீன்கறிக்குப் புள்ளி, அடுத்த வீட்டுக் கலியாணச் சோடிக்குப் புள்ளி, கோயிலில் பிரசங்கம் செய்ய வந்த பெரியவருக்கும் புள்ளி.

பதினெட்டு மாதத்துக்கு முன்னர் தங்கை கம்சாயினி ஆசையாக எழுதி நீட்டிய முதல் கதைக்கும் அப்படித்தான் போட்டாள். ‘தனி ஒருவன் இருபது பேரை அடிப்பது நம்பத்தக்கதல்ல. 35/100’ என்று சிவப்புப் பேனையால் எழுதி, சொந்தக்காரர் நிறைந்திருந்த விறாந்தையில் வைத்தே திருப்பிக் கொடுத்தாள். ஒரு பெரியம்மா சிரித்தும் விட்டாள். அன்றைக்கு நின்றுபோன பேச்சு இன்றுவரை தொடங்கவில்லை.

பழுகாமத்தில் தகப்பன் அழகரத்தினத்தோடு கம்சாயினி. செங்கலடியில் புருஷன் உதயரூபனோடு தக்ஷாயினி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள் அழகரத்தினம் ஒருவர்தான். போன வாரம் அவரை இறால் பையோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நிறுத்தினோம். அவர் வந்து சேரட்டும், அதற்குள் நாம் ரீச்சர் வீட்டுக்குள் போவோம்.

சாப்பாட்டு மேசை முழுக்கக் கடதாசி. கொழும்பில் ஒரு பதிப்பகம் ‘தனி வீரன்’ என்று அதிரடி நாவல் போட்டி நடத்துகிறது. கதாநாயகன் தனி ஆளாக நிற்கவேண்டும், யாருடைய உதவியும் பெறக்கூடாது என்பது முதல் விதி. மூன்று நடுவர்களில் ஒருவர் சுகமில்லாமல் விலக, அந்த இடத்தில் அகப்பட்டவள் நம்முடைய ரீச்சர். இந்த வகைக் கதையைக் கண்டாலே மூக்கைச் சுளிக்கிறவளுக்கு இருபத்தாறு நாவல்! நன்றாக வேண்டும்.

எழுதியவர் பெயர் கிடையாது, இலக்கம் மட்டுந்தான். ஏழு கதாநாயகர்கள் சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார்கள். பதினொரு பேருக்கு இடப்பக்கப் புருவத்தில் தழும்பு. ஒருவன் ஓடுகிற ரயிலுக்கு மேலே நின்று தேத்தண்ணி குடித்தான். ரீச்சர் பொறுமையாக நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தாள்.

பதினேழாம் இலக்கத்தில்தான் பேனை நின்றது.

அதிலே வீரன் ஒரு பாதை ஓட்டுகிறவன். வாவியில் ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். பெயர் சாமித்தம்பி, வயது ஐம்பத்திரண்டு, ஒரு காது கேட்காது. வாவி மண்ணைத் திருடி விற்கிற கும்பல் அவனுடைய பாதையைக் கேட்கிறது. அவன் கொடுக்கமாட்டேன் என்கிறான். கதை அவ்வளவுதான். ஆனால் அவன் கழுத்தளவு தண்ணீரில் கரையோரக் கண்ணா மரத்து வேர்களுக்குள் ஒளிந்து நிற்க, கும்பலின் வள்ளம் தலைக்கு மேலால் போகிற இடத்தை வாசிக்கும்போது ரீச்சரும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

கடைசிச் சண்டை பாதையின் மேலே நடக்கிறது. ரீச்சர் அந்தப் பக்கத்தை ஐந்து தரம் வாசித்துவிட்டாள்.

‘சாமித்தம்பி எண்ணிக்கொண்டே சுட்டான். லாபம். ரெண்டு. மூண்டு. நாலு. அஞ்சு. ஆறு. அம்மாள். அதைச் சுடவில்லை. துப்பாக்கியை இழுத்து அந்த ரவையை வெளியே விழுத்தி, மடியில் வைத்தான். அதற்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. எதிரில் நின்றவன் அந்த நேரத்துக்குள் ஓடியிருக்கலாம். அவன் ஓடவில்லை. தண்ணி கிடைக்குமா என்று கேட்டான்.’

சாமித்தம்பி தன்னுடைய போத்தலை எடுத்துக் கொடுக்கிறான். அவன் குடித்து முடிக்கும்வரை காத்து நிற்கிறான். எட்டாவது ரவை துப்பாக்கிக்குள் இருக்கிறது. அதை அவன் கடைசிவரை சுடவேயில்லை.

ரீச்சர் தொண்ணூற்றாறு போட்டாள். பதினைந்து வருடம் படிப்பித்ததில் அவள் யாருக்கும் போடாத புள்ளி அது. எழுதியவன் யாராக இருந்தாலும் அவனுக்கு முன்னால் எழும்பி நிற்கவேண்டும் போல இருந்தது.

அழகரத்தினம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. கொழும்பிலிருந்து அகீலா, மற்ற இரண்டு நடுவர்களில் ஒருவர்.

"ரீச்சர், பதினேழுக்கு எப்பிடி இவ்வளவு போட்டீங்க? நான் அம்பத்திரண்டு, மற்றவர் அம்பத்தெட்டு. அது விதிக்கே மாறான கதை."

"என்ன மாறு, மிஸ்?"

"வீரன் தனி ஆளா நிக்கோணும். இதில சண்டைக்குள்ள ரெண்டு பேர் உதவிக்கு வாறாங்களே. லாபம் எண்டு ஒருத்தன். அம்மாள் எண்டு ஒரு பொம்பிளை. அவளுக்கு எண்டு ரவையும் எடுத்து வைக்கிறார். புறகு ரெண்டு பேரும் எங்க போனாங்க எண்டே இல்ல. சரி, எனக்கு இப்ப வகுப்பு இரிக்கு. ரெண்டு மணிக்கு மூண்டு பேரும் கதைச்சு முடிவெடுப்பம், அப்ப விளக்கம் சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டதும் ரீச்சருக்கு வந்ததே ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். அங்கே உதயரூபன் மோட்டார்சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான்.

"இஞ்ச கேளுங்களன், கொழும்பு மிஸ்ஸுக்கு லாபம் ஒரு ஆளாம்!"

உதயரூபனும் வவுணதீவு வெள்ளாமைக்காரன் மகன். களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? அவனும் சேர்ந்து சிரித்தான்.

"அம்மாளும் ஒரு பொம்பிளையாம்!" என்றாள் ரீச்சர்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். "ஆரு அம்மாள்?"

"ஏழுதானே."

"ஏழு ஏழுதானே? எங்கட களத்தில லாபம், ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. இதுக்குள்ள எங்க அம்மாள் வந்தா?"

"விசர்க்கதை பறையாதீங்க. எல்லாரும் அம்மாள் எண்டுதானே சொல்ற?"

"நான் பொறந்ததில இருந்து கேள்விப்படல்ல" என்று சொல்லிவிட்டு அவன் வாளியைத் தூக்கினான்.

முப்பத்தெட்டு வருடமாக உலகம் முழுக்க நெல்லை அப்படித்தான் அளக்கிறது என்று நினைத்திருந்த மனுசி அவள். அந்தப் பக்கத்தை ஐந்து தரம் வாசித்தும் அந்தச் சொல் அவளுக்கு உறுத்தவே இல்லை. இப்போது உறுத்தியது.

பத்தரைக்கு அழகரத்தினம் இறால் பையோடு படலையைத் திறந்தார். தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் மகள் கேட்டாள்.

"அப்பா, நாம களத்தில ஏழுக்கு ஏன் அம்மாள் எண்டு சொல்ற?"

"அது நம்மட களத்தில மட்டுந்தான், மகள்." அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் புறகு முதல் வெள்ளாமை. நம்மட வயல் வட்டையில எல்லாம் பதர். அளந்து பாத்தா ஏழே ஏழு மரைக்கால். நான் இளந்தாரி, அழுகை வந்திட்டு. ஏழாவத கண்ணகை அம்மாளுக்கு எண்டு எடுத்து வச்சன். அண்டையில இருந்து அந்த எண்ண நான் களத்தில வாயால சொல்றல்ல. அம்மாள் எண்டு சொல்லி, அளக்கிறத நிப்பாட்டி, கும்பிட்டுத்தான் எட்டுக்குப் போறது."

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"வேற ஆருக்கு? கொம்மா போய்ச் சேர்ந்திட்டா. நீ, நான், தங்கச்சி. அவள்தான் போன வருசம் இதத் துருவித் துருவிக் கேட்டாள். சூறாவளி எந்த மாசம், நிப்பாட்டினா எவ்வளவு நேரம் நிப்பாட்டுவீங்க எண்டு. ஏன் மகள், என்ன நடந்த?"

ரீச்சர் நிலத்தில் இருந்துவிட்டாள். கதிரை பக்கத்திலேயே கிடந்தது.

ஆத்தாடி, கம்சாயினியா? உப்புப் போட்டதா போடவில்லையா என்று இரண்டு தரம் சுவைத்துப் பார்க்கிற கம்சாயினியா? கழுத்தளவு தண்ணீரையும், கேட்காத காதையும், தண்ணி கேட்ட எதிரியையும் அந்தப் பிள்ளையா எழுதினாள்? அவளுக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துக் காட்டிய அக்காவுக்கே அவள் யாரென்று தெரியாமல் போயிற்று.

அந்தப் பக்கத்தைத் தகப்பனுக்கு வாசித்துக் காட்டினாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

"அந்த நிப்பாட்டு" என்றார் அழகரத்தினம். "அத நான் நாப்பத்தேழு வருசமாச் செய்றன். இவள் அதுக்குள்ள ஒரு மனிசன நிப்பாட்டிக் காட்டியிருக்காள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிது, மகள்."

"எனக்குந்தான் அப்பா."

இனித்தான் சங்கடம். போட்டி விதி ஒன்பதை ரீச்சர் மனப்பாடமாகச் சொல்வாள். நடுவருடைய நெருங்கிய உறவு எழுதியது என்று தெரிந்தால் நடுவர் உடனே அறிவித்து விலகவேண்டும். விலகினால் படைப்பு போட்டியில் இருக்கும், மற்ற இருவருடைய புள்ளி மட்டும் கணக்கில் வரும். மறைத்துப் பிறகு தெரியவந்தால் படைப்பே தள்ளுபடி.

அவள் விலகினால் மிஞ்சுவது ஐம்பத்திரண்டும் ஐம்பத்தெட்டும். அது முதல் பத்துக்குள்ளேயும் வராது. லாபம் ஆள் இல்லை, அம்மாள் ஆள் இல்லை என்று சொல்ல அங்கே வேறு ஆளும் இல்லை.

"விளக்கத்தச் சொல்லிப்போட்டு விலகன்" என்றான் உதயரூபன். "அவங்கதானே கேட்டவங்க."

"கேட்டது நடுவர்ட்ட. நான் இப்ப அக்கா. அக்கா தங்கச்சிக்கு வாதாடி எடுத்துக் குடுத்த புள்ளி எண்டு நாளைக்கு ஒருத்தன் சொன்னா அவள் தலை நிமிர ஏலுமா?"

"அப்ப விலகாம இரு. ஆருக்குத் தெரியப்போகுது?"

ரீச்சர் பார்த்த பார்வையில் அவன் இறால் உரிக்கப் போய்விட்டான்.

அழகரத்தினத்துக்கு இரண்டும் பிள்ளைகள்தான். ஒருத்தி பக்கம் பேசினால் மற்றவளுக்குக் குறைந்துபோகும் என்று பதினெட்டு மாதமாக வாயைக் கட்டிப் பழகிய மனுசன் அவர். மத்தியானச் சோற்றைப் பிசைந்தபடியே வைத்திருந்தார்.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. அகீலாவும் மற்ற நடுவரும் இணைப்பில் இருந்தார்கள்.

"சொல்லுங்க ரீச்சர், ஆரு அந்த லாபம்?"

வாய் நிறைய விளக்கம் நின்றது. ஒரேயொரு வசனம் போதும். ரீச்சர் அதை விழுங்கினாள்.

"மிஸ், பதினேழாம் இலக்கம் என்ட தங்கச்சி எழுதினது. எனக்கு இண்டைக்குக் காலமதான் தெரியும். நான் விலகுறன். அந்தக் கதையப் பத்தி இனி நான் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது."



"நேர்மையாச் சொன்னீங்க" என்றார் அகீலா. "அப்ப நான் பேர் உள்ள உறையத் திறந்து உறுதிப்படுத்தோணும். ஆனா ரீச்சர், உங்கட தொண்ணூத்தாறு இல்லாட்டி இந்தக் கதை…"

"தெரியும் மிஸ்."

போனை வைத்தாள். செய்தது சரியென்று தெரிந்தும் களவெடுத்தவள் போல இருந்தது. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைச் சித்தியடைய வைத்தவள், வாசித்ததிலேயே பெரிய கதையைத் தன்னுடைய வாயால் தோற்கடித்துவிட்டு நின்றாள்.

"வெளிக்கிடுங்க அப்பா" என்றாள். "அவளுக்கு நான்தான் சொல்லோணும். வேற ஆரும் சொல்லி அவள் கேக்கக்கூடாது."

மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து பட்டிருப்புப் பக்கம் இன்னொரு பஸ். பாலத்தில் ஏறும்போது ரீச்சர் வாவியைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் அது பள்ளிக்கூடம் போகிற வழியில் கிடந்த தண்ணீர். இன்றைக்கு அதன் கரையெல்லாம் சாமித்தம்பி நின்றான். ஒரு கதை இப்படியும் செய்யுமா?

ஐந்து மணி. கம்சாயினி முற்றத்துக் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பனுக்குப் பின்னால் வந்த ஆளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"அப்பா, ஆரக் கூட்டி வந்திரிக்கிறீங்க?"

"நானாத்தான் வந்த" என்றாள் தக்ஷாயினி. "பதினேழாம் இலக்கம் உன்டதானே?"

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"நான் நடுவர்."

"நீயா? அவங்க போட்ட பேர்ல நீ இல்லியே!"

"ஒரு ஆள் விலகின இடத்துக்கு வந்த. காலமதான் நீ எண்டு தெரிஞ்ச. ரெண்டு மணிக்கு நான் விலகிட்டன். மற்ற ரெண்டு பேரும் புள்ளி குறைச்சிட்டாங்க. லாபத்தையும் அம்மாளையும் ஆள் எண்டு நினைச்சிட்டாங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கவில்லை. விளக்கம் கேட்டதையும் தான் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். உடுப்பெல்லாம் கம்சாயினியின் கையிலிருந்து மண்ணில் விழுந்தது.

"ஏழு எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு வாய் வரல்லியா?" கத்தினாள். "ஒரு வருசத்துக்கு மேல! வேலையால வந்து, சமைச்சு, அப்பாவுக்குப் போட்டுக் குடுத்து, புறகு குந்தியிருந்து எழுதின. முதல் கதையையும் நீதான் கொன்ற. இதையும் நீதான் கொல்லுறியா? நீதி நியாயம் எல்லாம் எனக்கு மட்டுந்தானா?"

"நீ ஏசு. எனக்கு ஏச்சு வேணும்" என்றாள் தக்ஷாயினி. அவளுக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "ஆனா ஒண்டக் கேளு. நான் இருவத்தாறு கதை வாசிச்ச. உன்டதிலதான் என்ட பேனை நிண்டுபோன. அந்த ஆள் தண்ணி கேட்டானே, நான் கடதாசியக் கவிழ்த்து வச்சிட்டு எழும்பி நடந்த. மறுகா வந்து வாசிச்ச. நீ பொறந்த நேரம் உன்னத் தூக்கி வச்சிருந்த ஆள் நான். உனக்குள்ள இவ்வளவு இரிக்கெண்டு எனக்குத் தெரியா. மன்னிப்புக் கேக்கக்கூட வெக்கமா இரிக்கி, தங்கச்சி."

கம்சாயினி மறுபக்கம் திரும்பி நின்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழகரத்தினம் குனிந்து, விழுந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார்.

"எந்த இடத்தில எழும்பி நடந்த?" திரும்பாமலே கேட்டாள்.

"தண்ணி கிடைக்குமா எண்டு கேட்ட இடம்."

"அந்த இடத்த ஒம்பது தரம் மாத்தி எழுதின" என்றாள் கம்சாயினி. குரலில் கோபம் பாதி இருந்தது, மீதியைக் காணவில்லை.

அப்போதுதான் உள்ளே அவளுடைய போன் அடித்தது. கொழும்பு இலக்கம். அவள் விறாந்தையில் நின்றே கேட்டாள். ஓம் என்றாள், ஓம் மிஸ் என்றாள், பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். வைத்துவிட்டு வந்தபோது முகத்தில் என்ன இருக்கிறதென்று தக்ஷாயினியால் வாசிக்க முடியவில்லை.

"அகீலா மிஸ். அக்கா விலகினதுக்குப் புறகு அவங்க அந்தப் பக்கத்த மறுகா வாசிச்சிருக்காங்க. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில நிக்கிறதால அம்மாள் ஏழுதானே எண்டு கேட்டாங்க. லாபம் ஒண்டுதானே எண்டும் கேட்டாங்க. ரெண்டு பேரும் புள்ளிய மாத்தப் போறாங்களாம்."

"அம்மாளே!" என்று அழகரத்தினம் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"பொறுங்கப்பா. முதற்பரிசு குடுக்கலாமாம். ஆனா புத்தகமா வரக்குள்ள வாசிக்கிற ஆக்கள் குழம்புவாங்களாம். லாபத்த ஒண்டு எண்டும், அம்மாள ஏழு எண்டும் மாத்தச் சம்மதமா எண்டு திங்கக்கிழமைக்கு முதல் சொல்லட்டாம். மாத்தாட்டி ரெண்டாம் இடமாம், புத்தகமும் வராதாம்."

தெருவால் ஐஸ்கிரீம் வான் ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது.

ஏழு என்று எழுதினால் என்ன குடிமுழுகிப் போகும்? ஒரு சொல். ஆனால் ஏழு என்று எண்ணுகிறவன் எதற்காக அந்த ரவையை வெளியே எடுப்பான்? எதற்காக நிற்பான்? தக்ஷாயினிக்கு அது தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் ஒரு பிள்ளை எழுதியது புத்தகமாக வரவேண்டும் என்பதும் தெரியும்.

கம்சாயினி அவளுக்கு நேரே வந்து நின்றாள். பதினெட்டு மாதத்தில் இவ்வளவு கிட்ட வந்தது இன்றைக்குத்தான்.

"மாத்தட்டா அக்கா?"

தக்ஷாயினி வாயைத் திறந்தாள், மூடினாள். எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் அது.

"என்ட்ட ஏன் கேக்கிறாய்? நான்தான் விலகிட்டனே. நான் இப்ப நடுவர் இல்ல, சும்மா வாசிச்ச ஆள்."

"அந்த ஆளத்தான் கேக்கிறன்" என்றாள் கம்சாயினி.